நிறம் நீங்கிய நீர் பாசனத்திற்கு உகந்த நீராகுமா?

தண்ணீரில் கலந்த சாயத்தையும் பூச்சி மருந்தின் விஷத்தையும் சூரிய வெளிச்சத்தைக் கொண்டே சிதைத்துவிடலாம் என்ற செய்தி சில காலமாகப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகிறது. மிக நுண்ணிய ஒரு வெண்ணிறத் தூளை அழுக்கு நீரில் இட்டு வெயிலில் வைத்தால் நீர் தெளிந்துவிடும் என்றும், ஆகவே ஆலைக் கழிவு நீரைப் பற்றிய கவலை இனி வேண்டியதில்லை என்றும் சிலர் பேசுகிறார்கள். வேறு சிலரோ, இவையெல்லாம் ஆராய்ச்சிச் சாலையின் கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கும் வேடிக்கைகள் என்றும், வயல் வரப்புக்கு வந்து சேரமாட்டா என்றும் ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்விரு அபிப்பிராயங்களுள் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்வது நிலமுடையவர்களுக்கு நன்மை தராது. இம்முறை உண்மையானது, அதற்கு ஓர் எல்லை உண்டென்பதும் அவ்வளவு உண்மையானது. அவ்வெல்லையை அறியாமல் ஆற்றோரத்திலும் கிணற்றோரத்திலும் இதனை நம்பி இருப்போமானால், நஷ்டம் நிலத்திற்கே வந்து சேரும்.

தூள் செய்யும் வேலை

இவ்வேலைக்கு மிகுதியாகப் பயன்படுவது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வஸ்து. வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் பூசும் வெள்ளை வர்ணங்களில் பெரும்பாலும் இதுவே சேர்க்கப்படுகிறது. இதன் மூலப்பொருளாகிய இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலோடு கலந்து கிடைக்கிறது. இவ்வெள்ளை பூசிய சுவர் வெயிலில் பல வருஷம் நின்றால், தொட்ட கையில் சுண்ணம்போல் ஒட்டிக்கொள்வதைப் பலரும் பார்த்திருக்கலாம். வெயில் பட்ட தூள், தன்னைச் சுற்றியுள்ள பசைப்பொருளைச் சிறிது சிறிதாகச் சிதைப்பதே அதற்கு ஒரு முக்கிய காரணம். வர்ணம் பூசியவனுக்குக் குறையாக வாய்த்த இக்குணமே நீரைச் சுத்தம் செய்ய விரும்புவோனுக்குச் சாதகமாக அமைந்தது.

1972-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தைச் சேர்ந்த புஜிஷிமா, ஹோண்டா என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வஸ்துவின்மேல் ஒளி விழும்போது தண்ணீர் பிராணவாயுவாகவும் நீர்வாயுவாகவும் பிரிவதை வெளியிட்டனர். 1976-இல் கனடா தேசத்தில், எளிதில் அழியாத குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்களை இதே தூளும் ஒளியும் சிதைக்கின்றன என்று காட்டப்பட்டது. அதுமுதல் சாயங்கள், பூச்சி மருந்துகள், எண்ணெய்க் கழிவுகள் முதலிய பலவற்றின்மீது இம்முறை பரீட்சிக்கப்பட்டு வந்திருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. ஒளி தூளின்மேல் பட்டதும் அதனுள்ளிருக்கும் எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தை விட்டு மேலெழும்புகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடம், அருகிலுள்ள நீரிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, ஹைட்ராக்ஸில் எனப்படும் மிக்க வேகமுள்ள அணுச்சேர்க்கை உண்டாகிறது. மேலெழும்பிய எலெக்ட்ரானோ நீரில் கரைந்துள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து மற்றொரு வேகமுள்ள பொருளைத் தோற்றுவிக்கிறது. இவை கண நேரமே இருப்பவை. ஆயினும் அக்கணத்திற்குள் அருகிலிருக்கும் சாயத்தையோ விஷத்தையோ தாக்கி, அதன் கரிச்சங்கிலியை அறுத்து, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. தூள் செலவாவதில்லை, உழுது முடிந்தபின் ஏர் அப்படியே இருப்பதுபோல அதுவும் இருக்கிறது.

தூள் எவ்வளவுக்கெவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலை அதிகம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். ஆராய்ச்சிகளில் பெரிதும் கையாளப்படும் தூளின் மணி ஒன்று சுமார் 20 நானோ மீட்டர் பருமனுள்ளது. அத்தூளில் ஒரு கிராமின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 50 சதுர மீட்டர் ஆகும். அது ஒரு சென்ட் நிலத்தைவிட அதிகம். அவ்வளவு பரப்பும் ஒளிக்கும் நீருக்கும் நடுவே நின்று வேலை செய்வதனால்தான் நானோ துகள்களுக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

வெயில் மிகுந்த தேசத்திலும் ஏற்படும் தடைகள்

நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆகவே இம்முறை நமக்கென்றே ஏற்பட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டைட்டானியம் தூளை எழுப்புவது 388 நானோ மீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள, ஊதாவிற்கும் அப்பாற்பட்ட கிரணங்களே. தரைக்கு வரும் வெயிலில் இவை நூற்றில் நான்கு அல்லது ஐந்து பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும்படி, 2001-இல் நைட்ரஜனைச் சேர்த்த தூளை ஜப்பானியர் வெளியிட்டனர். அதன்பின் வேறு பல கலவைகளும் செய்யப்பட்டன. எனினும் இவ்வாராய்ச்சி இன்னும் முடிந்த பாடில்லை.

அன்றியும், ஒளி நீருக்குள் ஊடுருவ வேண்டும். சாயம் கலந்து கறுத்த நீர் மேற்பரப்பிலேயே ஒளியை விழுங்கிவிடுகிறது. சேறு கலங்கிய நீரும் அப்படியே. ஆளுயரக் குட்டையில் தூளைக் கொட்டினால் மேலே சில அங்குலத்தில் மட்டும் வேலை நடக்கும். அடியிலுள்ள நீர் இருளிலேயே கிடக்கும். நீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் குளோரைடும் ஹைட்ராக்ஸிலை இடையிலேயே பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. குடுவையில் வடித்த நீரைக்கொண்டு செய்த பரீட்சையில் ஒரு மணி நேரத்தில் மறைந்த சாயம், ஆலையின் உப்புக் கழிவில் அத்தனை சீக்கிரம் மறையாததற்கு இவையே காரணம்.

அளவையும் கருத வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் 2 அங்குல உயரத்திற்கு நீர் நிறுத்தச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். லிட்டருக்கு அரை கிராம் வீதம் தூள் இடுவதானால், ஒரு தடவைப் பாய்ச்சலுக்கு வேண்டிய நீருக்கே 100 கிலோ தூள் தேவைப்படும். பிறகு அத்தனை தூளையும் அந்நீரிலிருந்து திரும்ப எடுத்தாக வேண்டும். எளிதில் படியாத இப்பொடியை வடிகட்டி எடுப்பது தூளை வாங்குவதைவிடக் கடினமான காரியம். கண்ணாடியிலோ சிமெண்டுப் பலகையிலோ தூளை ஒட்டவைத்து அதன்மேல் நீரை மெல்லிதாக ஓடவிடுவது ஒரு மாற்று வழி. ஆனால் அப்போது மேற்பரப்பு குறைந்து வேலையும் குறைகிறது. ஆகவே வாய்க்காலையோ ஏரியையோ கிணற்றையோ இத்தூளைக்கொண்டு சுத்தம் செய்யலாம் என்று எவரேனும் விற்க வந்தால், வாங்காதிருப்பதே விவேகம்.

நொய்யலில் நிலத்தைக் கெடுத்தது எது?

இவற்றைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு நொய்யல் பாசனக்காரர்களின் அனுபவமே சாட்சி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் இந்நதியில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் விழுந்துகொண்டிருந்தது. பாசனத்திற்கென்று கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே முறையிடும் நிலைமை உண்டாயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடலாகாது என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. 2011 ஜனவரியில், அதற்கு உட்படாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்நதியைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் சொல்வது, நீர் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிற்று என்பதே. கண்ணுக்குத் தெரிந்தது நிறம். நிலத்தைக் கெடுத்ததோ பெரும்பாலும் உப்பு. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காக ஒவ்வொரு லிட்டர் சாய நீரிலும் பல பத்துக் கிராம் சோற்றுப்பையோ சோடியம் சல்பேட்டையோ கரைப்பது வழக்கம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்போ ஏறத்தாழ முழுவதும் கழிவோடு வெளியேறுகிறது. அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்து, மேலே ஓடு கட்டச் செய்து, நீர் உள்ளிறங்காமல் தடுக்கிறது. வேருக்கு அருகில் நீர் இருந்தும் பயிர் வாடுகிறது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களுக்கு அருகேயும் உப்பின் தீமை இவ்வாறே காணப்பட்டது. அங்கு தோல் கெடாதிருக்க இட்ட உப்பே நீரில் சேர்ந்தது. அந்தக் கழிவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-ஆம் ஆண்டில்.

இப்போது ஒளித்தூளின் எல்லை தெளிவாகும். அது சிதைப்பது கரிமப் பொருளை மட்டுமே. உப்பை அது தொடுவதே இல்லை. அன்றியும், சாயத்தில் கட்டுண்டிருந்த கந்தகத்தைச் சல்பேட்டாகவும், மருந்தில் கட்டுண்டிருந்த குளோரினைக் குளோரைடாகவும் விடுவித்து, நீரின் உப்பைச் சிறிது கூட்டவும் செய்கிறது. எனவே சாயக் கழிவை இம்முறையால் பளிங்குபோல் தெளியச் செய்து ஆற்றில் விட்டாலும், அது நிலத்தைக் கெடுக்கும் நீராகவே இருக்கும். முன்பாவது நிறத்தைப் பார்த்து மடையை அடைக்க விவசாயிக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. நிறமில்லாத உப்பு நீரோ அந்த எச்சரிக்கையையும் இழக்கச் செய்துவிடும். இக்காரணத்தால், பாசனக்காரரின் நிலையிலிருந்து பார்க்கும்போது, உப்பை நீக்காமல் நிறத்தை மட்டும் நீக்குவது நீக்காததைவிட ஆபத்தானது என்றே கொள்ளவேண்டும்.

நிறத்திலும் ஓர் ஏமாற்றம் உண்டு. சாயத்தின் நிறம் அதிலுள்ள சில பிணைப்புகளில் அடங்கியிருக்கிறது. அப்பிணைப்பு அறுந்ததும் நிறம் போய்விடும். ஆனால் மிச்சத் துண்டுகள் நீரிலேயே இருக்கும். அவை முற்றும் கரியமில வாயுவாக மாற இன்னும் பல மணி நேரம் பிடிக்கலாம். பூச்சி மருந்துகளிலும் இவ்விதமே. குளோர்பைரிபாஸ் சிதையும்போது இடையில் தோன்றும் ஆக்ஸான் என்னும் பொருள் மூல மருந்தைவிடக் கொடியது. பாதி வெந்த சோற்றை இறக்கிவைப்பதுபோல் பாதியில் நிறுத்திய வேலை இங்கு உதவாது.

கிராம அதிகாரிகள் கேட்க வேண்டியவை

இத்தகைய சுத்திகரிப்பு அமைப்புடன் ஆலை ஒன்று நிறுவ எண்ணுவோர் ஊராட்சியை அணுகும்போது, கிராம அதிகாரிகளும் பாசனத் தலைவர்களும் சில கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே விடை பெறுவது நலம்.

முதலாவது, உள்ளே செல்லும் நீரின் உப்பளவு எவ்வளவு, வெளியே வரும் நீரின் உப்பளவு எவ்வளவு என்பது. இதனை மின் கடத்தும் திறனைக்கொண்டு அளக்கிறார்கள். மீட்டருக்கு 0.75 டெசிசீமனுக்குக் குறைந்த நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது, 2.25-க்கு மேற்பட்டது சாதாரண நிலையில் பாசனத்திற்கு ஆகாது. இவ்விரண்டு எண்களையும் ஒவ்வொரு பாசனக்காரரும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, குறைந்தது நிறம் மட்டுமா, கரிமப் பொருளும் சேர்ந்தா என்பது. சி.ஓ.டி. என்னும் அளவு இதனைக் காட்டும். நீர்நிலையில் விடும் கழிவுக்கு இது லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது நம் நாட்டின் பொது விதி.

மூன்றாவது, தூள் உண்மையில் சிதைக்கிறதா, அல்லது சாயத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு அடியில் தங்குகிறதா என்பது. உரப் பரீட்சையில் உரமிடாத பாத்தி ஒன்றை ஒப்புக்காக விடுவதை விவசாயிகள் அறிவர். அதுபோலவே, தூளிட்டு வெயிலில் வைத்த நீர், தூளிடாமல் வெயிலில் வைத்த நீர், தூளிட்டு இருட்டில் வைத்த நீர் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்ல வேண்டும். இருட்டிலும் நிறம் குறைந்திருந்தால், அந்தப் பங்கு வெறும் ஒட்டுதலே. தூளிடாமலே வெயிலில் குறைந்திருந்தால், அந்தப் பங்கு வெயிலின் வேலை. இவ்விரண்டையும் கழித்து எஞ்சியதே தூளின் பலன்.

நான்காவது, தூள் எவ்வாறு திரும்ப எடுக்கப்படும் என்பது. இத்தூளை உலர்ந்த நிலையில் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இதனை உணவில் சேர்ப்பதை விலக்கியது. அஞ்சி ஓட வேண்டிய பொருளன்று. ஆயினும் வாய்க்காலில் கேட்பாரற்று விடத்தக்கதும் அன்று.

ஐந்தாவது, இரவிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் கழிவு எங்கே நிற்கும் என்பது. வெயிலை நம்பும் அமைப்புக்கு வெயிலில்லாத நாள்களின் கழிவைத் தாங்கும் கசியாத தொட்டி இன்றியமையாதது. அத்தொட்டி வரைபடத்தில் இல்லையானால், அதன் வேலையை ஆறு செய்ய நேரிடும்.

இக்கேள்விகள் புதுமைக்கு முட்டுக்கட்டை போடுவதாக ஆலைக்காரர்கள் எண்ணக்கூடும். ஆனால் உண்மையான அமைப்பை வைத்திருப்பவருக்கு இவற்றுக்கு விடையளிப்பதில் சிரமம் இல்லை. திருப்பூரில் பட்டறைகள் மறுபடியும் இயங்க முடிந்ததற்குக் காரணம், சவ்வுகளைக்கொண்டும் ஆவியாக்கியும் உப்பைப் பிரித்தெடுக்கும் முறையை மேற்கொண்டதே. அச்செலவு அதிகந்தான். ஆனால் அச்செலவை ஆலை ஏற்காவிடில் நிலம் ஏற்க வேண்டியிருக்கும் என்பதை நொய்யல் கற்பித்துவிட்டது. நுண்ணுயிர்களால் அழிக்க முடியாத பிடிவாதமான சாயத்தையும் ரசாயனத்தையும் அழிக்கும் துணை வேலைக்காரனாக ஒளித்தூள் அம்முறையோடு சேருமானால் வரவேற்கத்தக்கதே. அதற்குப் பதிலாக வருமானால் மறுக்கத்தக்கது.

பண்ணையில் இதற்கு இடம் உண்டா?

குறைந்த அளவுள்ளதும், விஷம் மிகுந்ததும், உப்புக் குறைந்ததுமான நீருக்கே ஒளிமுறை ஏற்றது. பண்ணையில் அத்தகைய நீர் ஒன்று உண்டு. அது மருந்து தெளிக்கும் கருவியையும் மருந்துக் குப்பிகளையும் கழுவிய நீர். ஸ்பெயின் தேசத்து அல்மேரியாப் பகுதியில், பயிர்க் கூடாரங்களிலிருந்து சேரும் காலி மருந்துக் குப்பிகளைக் கழுவிய நீரைச் சூரிய ஒளியால் சுத்தம் செய்யும் நிலையம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. டைட்டானியம் தூளை வெகுகாலம் ஆராய்ந்த அப்பகுதியினரே, அந்நிலையத்திற்கு இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் ஒளியோடு சேர்த்துக் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. அது வெயிலின் அகன்ற பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. பல ஊர்க் குப்பிகளை ஓரிடத்தில் சேர்க்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தகைய அமைப்பை யோசிக்கலாம்.

தனிப் பண்ணைக்கு அதைவிடச் சுலபமான வழிகள் உண்டு. குப்பி காலியானதும் அதில் கால் பங்கு நீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இவ்விதம் மூன்று முறை செய்து, குப்பியை வேறு எதற்கும் உபயோகிக்க முடியாதபடி துளைத்துவிட வேண்டும். தெளிப்பானைக் கழுவிய நீரை, மருந்து தெளித்த அதே வயலில் பரவலாகத் தெளித்துவிடலாம். கிணற்று மேட்டிலும் வாய்க்கால் படித்துறையிலும் கழுவுவதை முற்றும் விலக்க வேண்டும். ஸ்வீடன் தேசத்து விவசாயிகள் 1993 முதல், வைக்கோல் இரண்டு பங்கு, கரிநிலத் தாவர மட்கு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு கலந்து நிரப்பிய குழியின்மேல் தெளிப்பானை நிறுத்திக் கழுவி, சிந்தும் விஷத்தை நுண்ணுயிர்களே அழிக்கும்படி செய்து வருகிறார்கள். இவற்றையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சும் விஷ நீருக்கே ஒளித்தூளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆற்றோரக் கிராமங்களிலுள்ள பாசனக்காரர்கள், கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் தங்கள் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்தும் திறனை அளந்து, தேதியுடன் ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தல் வேண்டும். ஊர்ப் பொதுவில் பத்துக் கிணறுகளுக்கு அத்தகைய கணக்கு ஐந்து வருஷம் இருந்தால், நீர் கெடத் தொடங்கும் காலத்திலேயே அது தெரிந்துவிடும். கெட்டது யாரால் என்று பின்னால் வாதாட நேர்ந்தாலும் அக்கணக்கே முதல் ஆதாரமாக நிற்கும். கிராம அதிகாரிகள் இந்த வருஷத்துக் கோடையிலேயே இக்காரியத்தைத் தொடங்கி வைப்பார்களாக.